வீட்டிலிருந்தே பல்கலைக்கழக நூலகம்: ஒரு வாசிப்புப் பட்டியலை மின்நூல்களாகத் திரட்டிய பதிவு

மின்நூல் தேடுபவர்கள் முதலில் கேட்பது "பிடிஎஃப் எங்கே கிடைக்கும்?" என்றுதான். பல்கலைக்கழக நூலகத்தின் வழியாகத் தேடும்போது அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த நூலை நம் நூலகம் எந்த அனுமதியில் வாங்கி வைத்திருக்கிறது? அச்சுப் புத்தகத்தை வாங்கினால் அது நூலகத்தின் சொத்து. மின்நூலில் நூலகம் வாங்குவது பெரும்பாலும் படிக்கும் உரிமத்தைத்தான். அதனால் ஒரே நூலை ஒரு தளம் அத்தியாயம் அத்தியாயமாக இறக்கிக்கொள்ள விடும், இன்னொரு தளம் திரையில் மட்டும் காட்டும், மூன்றாவது தளம் 'வேறொருவர் படித்துக்கொண்டிருக்கிறார், பிறகு வாருங்கள்' என்று சொல்லும். இது புரிந்துவிட்டால் தேடலில் பாதி அலைச்சல் குறையும் என்பது என் அனுபவம்.

தில்லி மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் தங்கை ஒருத்தி முதுகலை வரலாறு படிக்கிறாள். நான் அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. தென்னிந்திய ஏரிப் பாசனத்தின் வரலாறு பற்றி அவள் ஒரு செமஸ்டர் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஆசிரியர் கொடுத்த வாசிப்புப் பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட நூல்கள். 2024 நவம்பரில் காற்று மாசு கடுமையாகி, தில்லியின் பல்கலைக்கழகங்கள் வகுப்புகளை இணையத்துக்கு மாற்றியிருந்தன. சாதாரண நாளிலேயே எங்கள் பக்கத்திலிருந்து வளாகத்துக்குப் போய்வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். "அக்கா, லைப்ரரி வெப்சைட்ல தேடினா எதுவுமே திறக்க மாட்டேங்குது. எல்லாத்துக்கும் காசு கேக்குது" என்று மடிக்கணினியோடு மேலே வந்தாள். சரி, அந்தப் பட்டியலையே ஒரு முழு வேலையாக எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தோம்.

முதலில் உள்ளே போக வேண்டும்

வளாகத்துக்குள் இருக்கும்போது யாரும் பாஸ்வேர்ட் கேட்பதில்லை. பல்கலைக்கழகத்தின் இணைய இணைப்புக்கென ஒதுக்கப்பட்ட ஐபி முகவரிகளை நூலகம் முன்கூட்டியே பதிப்பாளர்களிடம் கொடுத்து வைத்திருப்பதுதான் காரணம். அந்த முகவரிகளிலிருந்து வரும் எல்லோரையும் பதிப்பாளரின் தளம் பல்கலைக்கழகத்து ஆட்களாகவே எடுத்துக்கொள்ளும். வீட்டு வைஃபையும் கைபேசி டேட்டாவும் அந்தக் கணக்கில் வராது. அதே பக்கத்தை வீட்டில் திறந்தால் ஓர் அத்தியாயத்துக்கு இவ்வளவு டாலர் என்று விலை வந்து நிற்கும். மாணவர்கள் பலர் இந்த இடத்திலேயே 'நம்ம லைப்ரரியில் இல்லை' என்று முடிவுகட்டித் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அந்த நூலுக்கான பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, அதில் மக்களின் வரிப்பணமும் இருக்கிறது. இருப்பதை இல்லை என்று நினைத்து, எங்கிருந்தோ மங்கலான ஸ்கேன் ஒன்றை இறக்கிப் படிக்கிறார்கள்.

வெளியிலிருந்து நுழைய மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று விபிஎன்: நம் கணினி பல்கலைக்கழக வலையமைப்புக்குள் இருப்பதாக ஆகிவிடும், அதன்பின் எந்தத் தளத்தையும் நேரடியாகத் திறக்கலாம். இரண்டாவது ப்ராக்ஸி: நூலகத்தின் பக்கத்தில் லாகின் செய்தால், அங்கிருந்து திறக்கும் ஒவ்வொரு பக்கமும் பல்கலைக்கழகத்தின் சர்வர் வழியாக வரும். உலகெங்கும் நூலகங்கள் இதற்குப் பயன்படுத்தும் மென்பொருள்களில் ஈஸிப்ராக்ஸி ஒன்று. அது வேலை செய்கிறதா என்பதை முகவரிப் பட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பதிப்பாளரின் முகவரியில் உள்ள புள்ளிகள் சிறுகோடுகளாக மாறி, அதன் வாலில் பல்கலைக்கழகத்தின் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது, பதிப்பாளரின் தளத்திலேயே 'உங்கள் நிறுவனம் வழியாக நுழைக' என்ற பொத்தானை அழுத்தி, பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கால் உள்ளே போவது. இந்தியாவில் இதற்கென இன்ஃபெட் என்ற கூட்டமைப்பைக் காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்துகிறது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இருப்பது இரண்டாவது வழி. தங்கையின் பெயரில் கணக்கு இருந்தது, ஆனால் யாரும் அதை முடுக்கிவிடவில்லை. நூலகத்தின் மின்வளப் பிரிவுக்குப் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்தே அடையாள அட்டையின் படத்தோடு எழுதச் சொன்னேன். சொந்த ஜிமெயிலிலிருந்து எழுதினால் அவர்களால் உறுதிப்படுத்த முடியாது. அப்புறம் அங்கிருந்த அலுவலரிடம் தொலைபேசியிலும் பேசினோம். பொறுமையான மனிதர். எந்தெந்தத் தளங்களில் மின்நூல் சந்தா இருக்கிறது என்று அவர் இந்தியில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவள் குறித்துக்கொண்டாள். அந்தக் குறிப்பு பின்னால் மிகவும் உதவியது.

ப்ராக்ஸி விஷயத்தில் நான் அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். கூகுளில் தேடிக் கிடைத்த இணைப்பை நேரே திறக்கக் கூடாது. அப்படித் திறந்தால் நீ வெளியாள். நூலகப் பக்கத்தில் லாகின் செய்து, அங்கிருக்கும் தளங்களின் பட்டியலில் அந்தப் பதிப்பாளரை அழுத்தி, உள்ளே போன பிறகு தலைப்பைத் தேட வேண்டும். கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் விட்டால் லாகின் தானாகவே முடிந்துவிடும், மறுபடி விலைப்பட்டியல் வரும். அப்போது பதறாமல் முகவரிப் பட்டையைப் பார்த்தால், வாலில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்காது. மறுபடி நூலகப் பக்கத்திலிருந்து தொடங்கினால் போதும்.

தேடல்

நூலகத்தின் இணையவழி நூற்பட்டியலான ஓபேக்கில் இல்லையென்றால் நூலகத்திலேயே இல்லை என்று அர்த்தமல்ல. நம் ஊர் நூலகங்கள் பலவற்றில் கோஹா என்ற கட்டற்ற மென்பொருள் ஓடுகிறது. நியூசிலாந்தில் பிறந்த மென்பொருள் அது. மின்நூலுக்கான இணைப்பைப் பதிய அதில் ஏற்பாடு உண்டு. நூற்பட்டியல் வழக்கில் அது 856 என்ற எண்ணுள்ள புலம். ஆனால் பதிப்பாளரிடம் தொகுப்பாக வாங்கிய ஆயிரக்கணக்கான மின்நூல்களின் பதிவுகளை எல்லா நூலகங்களும் ஓபேக்கில் ஏற்றிவிடுவதில்லை. அதனால் மூன்று இடத்தில் தேட வேண்டியிருக்கிறது: ஓபேக், நூலகத்தில் அப்படி ஒன்று இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத் தேடும் பெட்டி, அப்புறம் ஒவ்வொரு பதிப்பாளரின் தளம்.

ஆசிரியரின் பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் உரிய அடையாள எண்களான ஐஎஸ்பிஎன் எண்கள் இருந்தன. தங்கை அவற்றை அப்படியே ஒட்டித் தேடியிருக்கிறாள். ஒன்றும் வரவில்லை. கெட்டி அட்டைப் பதிப்புக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு ஓர் எண், மின்பதிப்புக்கு இன்னோர் எண் என்று ஒரே நூலுக்குப் பல எண்கள் இருக்கும். பட்டியலில் இருந்தவை அச்சுப் பதிப்பின் எண்கள். எண்ணை விட்டுவிட்டு, தலைப்பில் வேறெங்கும் வராத இரண்டு சொற்களையும் ஆசிரியரின் குடும்பப் பெயரையும் போட்டதும் பல நூல்கள் வெளியே வந்தன.

தமிழ்நாட்டைப் பற்றித் தேடுபவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வு நூல்கள் நம் பெயர்களை ஒரே மாதிரி எழுதுவதில்லை. நூலகங்கள் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் நம் 'ச' ஆங்கிலத்தின் 'சி' எழுத்தாக வரும், 'ழ'வும் 'ற'வும் அடியில் கோடிட்ட எழுத்துகளாக வரும். 'சோழ' என்பது ஒரு நூலில் 'சி, எச்' என்று தொடங்கும், இன்னொன்றில் வெறும் 'சி'யில் தொடங்கும். 'சங்கம்' ஓரிடத்தில் 'எஸ்', ஓரிடத்தில் 'சி'. தஞ்சாவூர் பழைய நூல்களில் 'டான்ஜோர்'. ஏரி என்பது பெரும்பாலும் 'டேங்க்', சில நூல்களில் 'ஏரி' என்றே, ஆங்கில எழுத்தின் தலையில் ஒரு மேற்கோட்டுடன். ஒரு வடிவத்தில் தேடிவிட்டு நிறுத்தினால் பாதி நூல்கள் கண்ணில் படாமலே போய்விடும். அடிக்கோடு, மேற்கோடு எதையும் தட்டச்சு செய்யத் தேவையில்லை, பெரும்பாலான தளங்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. எழுத்து மாறுவதை மட்டும் கவனித்து இரண்டு மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தால் போதும்.

பட்டியலுக்கு வெளியேயும் சில நூல்கள் கிடைத்தன. ஓபேக்கில் ஒரு நல்ல நூல் அகப்பட்டதும் அதன் பதிவில் இருக்கும் பொருள் தலைப்பை அழுத்தச் சொன்னேன். 'பாசனம், இந்தியா, தமிழ்நாடு, வரலாறு' என்று நூலகர்கள் இட்டு வைத்த தலைப்பு அது. ஒரு நூலைப் பிடித்தால் அதே தலைப்பில் இருக்கும் மற்றவை வரிசையாக வந்துவிடும். யாரோ ஒரு நூலகர் உட்கார்ந்து செய்த வேலை, இத்தனை ஆண்டுகள் கழித்து மயூர் விஹாரில் ஒரு மாணவிக்குப் பயன்படுகிறது. கூகுள் தேடலில் இந்தத் துல்லியம் எனக்குக் கிடைத்ததில்லை.

பதிப்பாளர் தளங்களில் தேடும்போது கண்டிப்பாகச் செய்ய வேண்டியது, 'எனக்கு அனுமதி உள்ளவை மட்டும்' என்ற வடிகட்டியை இயக்குவது. ஜேஸ்டோரிலும் கேம்பிரிட்ஜ் கோரிலும் இது இருக்கிறது. இயக்காவிட்டால் நூலகம் வாங்காத நூல்களும் சேர்ந்து வந்து குழப்பும். ஸ்பிரிங்கர் போன்ற பதிப்பாளர்களிடம் நூலகங்கள் துறைவாரியாக, ஆண்டுவாரியாகத் தொகுப்புகளை வாங்குகின்றன. அதனால் ஒரு தொடரின் ஒரு நூல் திறந்திருக்கும், அடுத்த ஆண்டு வந்த நூல் மூடியிருக்கும். அதில் கோளாறு எதுவும் இல்லை, அந்த ஆண்டின் தொகுப்பை நூலகம் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வந்துவிட்டதே, எல்லாம் இலவசம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, 2025 ஜனவரியில் அது தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். பெரிய காரியம்தான். ஆனால் அது ஆய்விதழ்களுக்கானது. மின்நூல்களைப் பெரும்பாலும் ஒவ்வொரு நூலகமும் தன் பணத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

அனுமதிப் பட்டியல்

கிடைத்த நூல்களை எல்லாம் கூகுள் ஷீட் ஒன்றில் ஏற்றினோம். தலைப்பு, ஆசிரியர், எந்தத் தளம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம், இறக்கலாமா, இறக்கினால் எத்தனை நாள் தங்கும், எந்த அத்தியாயம் தேவை. இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஆனது, அதிகப் பயன் தந்ததும் இதுதான்.

பதிப்பாளர்கள் தங்கள் தளங்களிலேயே தரும் நூல்கள் பெரும்பாலும் வசதியானவை. ஸ்பிரிங்கர், கேம்பிரிட்ஜ் கோர், ஆக்ஸ்ஃபோர்டு அகாடமிக் ஆகியவற்றிலும், பதிப்பாளர் அல்லாத ஜேஸ்டோரிலும் பொதுவாக அத்தியாயத்துக்கு ஒரு பிடிஎஃப் என்று இறங்கும், பூட்டு இருக்காது, எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் படிக்கலாம். பல பதிப்பாளர்களின் நூல்களைத் திரட்டித் தரும் புரோகுவெஸ்ட் ஈபுக் சென்ட்ரல், எப்ஸ்கோ போன்ற தளங்களில் கதை வேறு. அங்கே நூலகம் ஒருவர் உரிமம், மூவர் உரிமம், வரம்பற்ற உரிமம் என்று விலைக்குத் தக்கபடி வாங்கும். எத்தனை பக்கம் நகலெடுக்கலாம், எத்தனை பக்கம் இறக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஈபுக் சென்ட்ரலில் அந்த நூலின் பக்கத்திலேயே இதெல்லாம் எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை.

ஒரே நூல் இரண்டு தளங்களில் இருந்தால் எதில் திறப்பது என்று இந்தப் பட்டியலைப் பார்த்ததும் தெரிந்துவிடும். எங்கள் பட்டியலில் அப்படிச் சில இருந்தன. ஒருவர் உரிமத்தில் மட்டும் இருந்த நூல்களைத் தனி நிறத்தில் குறித்தோம். அவள் வகுப்பில் எல்லோருக்கும் இதே பட்டியல்தான். கட்டுரை கொடுக்க வேண்டிய வாரத்தில் அந்த நூல்களுக்கு நெரிசல் நிச்சயம். அதனால் அவற்றை முதலில் படித்து முடிப்பது, மற்றவற்றைப் பின்னால் வைத்துக்கொள்வது என்று வாசிப்பின் வரிசையையே மாற்றினோம். படித்து முடித்ததும் தாவலை மூடினால் மட்டும் போதாது, வெளியேறும் பொத்தானை அழுத்த வேண்டும் என்றும் சொன்னேன். வெளியே காத்திருப்பது பக்கத்து பெஞ்சில் உட்காரும் தோழியாகவே இருக்கலாம்.

சரி, இறக்கியதை எல்லாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாமா என்று கேட்டாள். இதே தில்லியில் நடந்த வழக்கு ஒன்று இருக்கிறது. தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை பாடத்துக்கான பக்கங்களைத் தொகுத்து விற்றது என்று 2012இல் மூன்று பெரிய பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. பாடத் தேவைக்காக அப்படி நகலெடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தரும் விலக்குக்குள் வரும் என்று 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. மாணவர்களுக்குப் பெரிய ஆறுதலான தீர்ப்பு அது. ஆனால் மின்நூலில் நூலகம் பதிப்பாளரோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறது, அதன் விதிகளை மீறினால் பாதிப்பு எல்லோருக்கும். 2010இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக வளாகத்திலிருந்து ஒருவர் பெருமளவில் கட்டுரைகளை இறக்கியபோது, ஜேஸ்டோர் அந்தப் பல்கலைக்கழகம் முழுவதற்கும் சில நாள் அனுமதியை நிறுத்தி வைத்தது. ஐபி முகவரியை வைத்துத் திறக்கும் கதவு என்பதால், மூடும்போதும் எல்லோருக்கும் சேர்த்தே மூடும். அதனால் குழுவில் கோப்பைப் போடுவதற்குப் பதில் இணைப்பைப் போடச் சொன்னேன். அவளும் அந்த ஷீட்டையே வகுப்புக்குப் பகிர்ந்துவிட்டாள். அவரவர் லாகினில் அவரவர் திறந்துகொள்ளட்டும்.

இரண்டு கேபி புத்தகம்

"அக்கா, புத்தகம் மொத்தமே ரெண்டு கேபி தான் இருக்கு. போன்ல திறக்கவே மாட்டேங்குது." திரட்டுத் தளம் ஒன்றிலிருந்து 'முழு நூலையும் இறக்கு' என்று அழுத்தியிருக்கிறாள். வந்த கோப்பின் வால்பெயர் ஏசிஎஸ்எம். மின்நூல் தொடர்பாக மற்றவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் சந்தேகம் இதுவாகத்தான் இருக்கும்.

அந்தக் கோப்புக்குள் நூல் இல்லை. ரேஷன் கடையில் கொடுக்கும் டோக்கன் மாதிரி அது, அதைக் காட்டினால்தான் அரிசி கிடைக்கும். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்தால், அது நூலை வழங்கும் சர்வரோடு பேசி, உண்மையான பிடிஎஃபையோ இபப் என்ற மின்நூல் வடிவத்தையோ இறக்கும். அந்த நூல் உங்கள் அடோபி கணக்கோடு பூட்டப்பட்டிருக்கும், கடன் நாள் முடிந்ததும் திறக்காது.

செய்த வேலை இதுதான். முதலில் அடோபி தளத்தில் ஓர் இலவசக் கணக்கு. பிறகு மடிக்கணினியில் மென்பொருளை நிறுவி, ஏசிஎஸ்எம் கோப்பைத் தொடுவதற்கு முன்பே, உதவிப் பட்டியலில் இருக்கும் 'கணினியை அங்கீகரி' என்பதை அழுத்தி அந்தக் கணக்கைக் கொடுத்தோம். இந்த வரிசை முக்கியம். கணக்கு இல்லாமலும் அங்கீகரிக்க முடியும், ஆனால் அப்படிச் செய்தால் நூல் அந்த ஒரு கணினியோடு கட்டுண்டுவிடும், கைபேசிக்குக் கொண்டுபோக முடியாது. அங்கீகாரம் முடிந்த பிறகு கோப்பைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் நூல் அலமாரியில் வந்து உட்கார்ந்தது. கைபேசியில் பாக்கெட்புக் ரீடர் என்ற செயலியை நிறுவி, அதே அடோபி கணக்கைக் கொடுத்தோம், அங்கும் திறந்தது. கிண்டில் கருவியில் இந்தப் பூட்டுள்ள நூல்கள் திறக்காது. பூட்டில்லாத அத்தியாயப் பிடிஎஃப்களைத் தாராளமாகக் கிண்டிலுக்கு அனுப்பலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த மென்பொருளின் அதிகாரபூர்வப் பதிப்பு கிடையாது, அவர்கள் உலாவியிலேயே படித்துக்கொள்வதுதான் சுலபம்.

கடன் நாள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. மென்பொருளில் நூலின் மேல் வலது சொடுக்கு செய்தால் 'கடன் நூலைத் திருப்பிக் கொடு' என்று வரும். ஒருவர் உரிமத்தில் இருக்கும் நூலை முன்கூட்டியே திருப்பினால் அடுத்தவருக்கு உடனே கிடைக்கும். அச்சு நூலைக் கவுன்டரில் திருப்பிக் கொடுப்பதற்கு இருக்கும் அதே மரியாதையை இதற்கும் கொடுக்கலாம்.

படிப்பதும் மேற்கோள் காட்டுவதும்

சிறிய திரையில் படிக்க இபப் நல்லது, எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும். ஆனால் கட்டுரையில் பக்க எண் கொடுக்க வேண்டுமென்றால் பிடிஎஃப்தான் நம்பகமானது. இபப்பில் அச்சுப் பக்க எண் பல நேரம் இருக்காது. பிடிஎஃபிலும், திரையின் மூலையில் தெரியும் எண்ணைக் குறிக்காமல், பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைத்தான் குறிக்க வேண்டும். முன்னுரை, நன்றியுரைப் பக்கங்கள் ரோமன் எண்ணில் போவதால் இரண்டும் ஒத்துப்போகாது.

மேற்கோள்களுக்கு, நூல் விவரங்களைச் சேமித்து அடிக்குறிப்பாகத் தரும் ஜோட்டரோவை நிறுவினோம். இலவசம், கட்டற்ற மென்பொருள். டிஓஐ என்ற மின்பதிப்பு அடையாள எண்ணையோ ஐஎஸ்பிஎன்னையோ கொடுத்தால் நூல் விவரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதற்குள்ளேயே பிடிஎஃபைப் படித்து வண்ணமிடலாம், ஏழாம் பதிப்பிலிருந்து இபப்பும் திறக்கும். இலவசமாகக் கிடைக்கும் இணைய இடம் 300 எம்பிதான். குறிப்புகளுக்குத் தாராளம், பிடிஎஃப்களுக்குச் சீக்கிரம் நிறைந்துவிடும். அதனால் கோப்புகளை மடிக்கணினியிலேயே வைத்துவிட்டு, விவரங்களையும் குறிப்புகளையும் மட்டும் ஒத்திசைக்க விட்டோம். தொகுப்பு நூல்களில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தனி டிஓஐ இருந்தால் அதையே ஏற்ற வேண்டும். அத்தியாயத்தை எழுதியவர் ஒருவர், நூலைத் தொகுத்தவர் வேறொருவர், அது கலந்துவிடக் கூடாது.

பிடிஎஃபுக்குள் தேடும்போதும் அந்த மேற்கோடு, அடிக்கோடு தொல்லை உண்டு. அக்ரோபாட் ரீடரில் தேடல் விருப்பங்களில் எழுத்துக்குறிகளைப் பொருட்படுத்தாதே என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதை இயக்கிவிட்டால் வெறும் எழுத்துகளைப் போட்டுத் தேடலாம். தமிழிலேயே அமைந்த பழைய பிடிஎஃப்கள் பலவற்றில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் இருக்கும். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தேடினால் எதுவும் சிக்காது. அங்கே பின்னிணைப்பையும் சொல்லடைவையும் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

கிடைக்காதவை

மிச்சமிருந்த நூல்களுக்கு வேறு வழிகளைப் பார்த்தோம். திறந்த அனுமதி மின்நூல்களின் அடைவான டோப் தளத்தில் ஓரிரண்டு அகப்பட்டன. சட்டப்படி இலவசம், லாகின்கூட வேண்டாம். நூலாக வெளிவந்த ஓர் ஆய்வின் மூல ஆய்வேட்டை, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் தேடிப் பார்ப்பதும் பல நேரம் கைகொடுக்கும். 19ஆம் நூற்றாண்டு மாவட்டக் கையேடுகளும், இந்தியத் தொல்லியல் துறை 1890 முதல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் பழையவையும் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கின்றன. ஏரிகளைக் கவனித்த ஊர்க்குழுவான ஏரி வாரியம் பற்றி எழுதுபவர்களுக்கு இவை பொக்கிஷம். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம். அச்சில் மட்டுமே இருந்தவற்றுக்கு தில்லி ஜேஎன்யூ வளாகத்திலிருந்து இயங்கும் நூலக வலையமைப்பான டெல்நெட்டின் நூலகங்களுக்கிடையிலான கடன் வசதி. நம் நூலகம் அதில் உறுப்பினர் என்றால் கவுன்டரில் ஒரு படிவம் போதும்.

அதையும் தாண்டி நின்ற நூல்களுக்கு, நூலகத்தின் கொள்முதல் பரிந்துரைப் படிவத்தை நிரப்பினோம். இந்தப் படிவத்தை மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஆசிரியர்கள்தான் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது, எங்கள் நூலகத்தில் அப்படி விதி எதுவும் இல்லை. வெறும் தலைப்பை எழுதாமல் மின்பதிப்பின் ஐஎஸ்பிஎன், பதிப்பாளர், எந்தப் பாடத்துக்கு, வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் எழுதச் சொன்னேன். பாடத்தின் ஆசிரியரும் கையெழுத்திட்டார். ஒருவர் உரிமம் போதாது, மூவர் உரிமமாவது வேண்டும் என்று காரணத்தோடு கேட்டோம். அவற்றில் ஒரு நூல் அப்படியே மூவர் உரிமத்தில் வந்திருக்கிறது. மற்றவை அடுத்த நிதியாண்டுப் பட்டியலில் இருப்பதாக மின்வளப் பிரிவில் சொன்னார்கள்.

கடைசியாகச் செய்தது ஒரு முன்னேற்பாடு. படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழக மின்னஞ்சலும் நூலக லாகினும் ஒருநாள் மூடப்படும். அந்த மின்னஞ்சலில் ஜோட்டரோ கணக்கும் அடோபி கணக்கும் தொடங்கியிருந்தால், பின்னால் கடவுச்சொல்லை மறந்தால் மீட்க வழியிருக்காது. அதனால் இரண்டையும் அவளுடைய சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றினோம். பதிப்பாளர் தளங்களில் சேமித்து வைத்த தேடல்களும் புத்தக அலமாரிகளும் கூடவே வராது என்பதால், அவற்றிலிருந்த நூல்களின் டிஓஐகளை எல்லாம் ஜோட்டரோவுக்குள் ஏற்றிவிட்டு மடிக்கணினியை மூடினோம்.